சட்டியோடு படலைக்கு வந்தவர்

"மீன் வாடியில வளந்த பிள்ளை. சத்தமாத்தான் கதைக்கும். போன் வேலைக்குச் சரிவருமோ?"

எங்கள் பெண்கள் நிலையத்தின் இணைப்பாளர் இதைச் சொன்னபோது நான் அவருக்கு முன்னால் கதிரையில் இருந்தேன். அவர் கேட்டது என்னையல்ல, பக்கத்தில் இருந்த கணக்காளரை. கணக்காளர் என் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளையிடம் டிப்ளோமா இருக்கிறது என்றார். எங்கள் குடும்பத்தில் பெருவிரலில் மை பூசாமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். உயர்தரம் சித்தியடைந்த முதல் ஆளும் நானே. உளவளத்துணை டிப்ளோமாவைச் சட்டம் போட்டு, சாமிப் படங்களுக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருக்கிறார் அம்மா. இவை எதையும் நான் அன்று சொல்லவில்லை. "பழகிக்கொள்ளுவன்" என்று மெல்லிய குரலில் சொன்னேன்.

பழகியும் விட்டேன். மூன்று மாதத்தில் என் குரல் வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பவரின் குரலாக மாறிவிட்டது. வீட்டில் சோறு கேட்டால்கூட அம்மா யாருக்கோ ஏதோ நடந்துவிட்டதென்று திரும்பிப் பார்ப்பார்.

திங்கட்கிழமையிலிருந்து அந்தத் தொலைபேசி மேசையில் நீங்கள் நால்வரும் இருக்கப் போகிறீர்கள். நான் விலகுகிறேன். புதிதாக வருபவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார் இணைப்பாளர். எனக்கு இன்னும் முப்பது வயதாகவில்லை, அதனால் இளைப்பாறியவரின் அறிவுரை என்று இதை வாசிக்க வேண்டாம். படிவம் நிரப்புவதும் சட்டப் பிரிவுகளும் கையேட்டில் இருக்கின்றன. கையேட்டில் இல்லாத ஒரு பிழையை எழுதுகிறேன். அது நான் விட்ட பிழை.

கொரோனா எங்கள் ஊருக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பு, ரஜனி அக்கா நிலையத்துக்கு வந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன். உப்புவெளிப் பக்கம் ஒரு குறுகிய ஒழுங்கையில் வீடு. கையில் நான்கு வயது மகள். கணவர் வெளிநாட்டுக்காரர் தங்கும் ஹோட்டல் ஒன்றில் சமையல்காரர். கறியில் உப்புக் கூடினால் கையில் அடிப்பார், குறைந்தால் தலையில் அடிப்பார் என்று ரஜனி அக்கா கடைச் சாமான் பட்டியல் வாசிப்பதுபோலச் சொன்னார். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. அன்று அவர் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவரிடமாவது சொல்லிவைக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். தேவை வந்தால் ஒரு மிஸ்கோல் தருவதாகப் பேசிக்கொண்டோம்.

எங்களோடு தொடர்பில் இருக்கும் பெண்கள் பலரின் தொலைபேசியில் காசு இருக்காது. ஒரு தரம் அடித்துவிட்டு வைத்துவிடுவார்கள். பத்து நிமிடத்துக்குள் நாங்கள் திருப்பி எடுக்க வேண்டும். இந்த விதி தடித்த எழுத்தில் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. கணவர்மார் காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பிய காலத்தில் எழுதிய விதி அது.

பிறகு ஊரடங்கு வந்தது. ஹோட்டல்கள் பூட்டின, நிலையமும் பூட்டியது, கணவர்மார் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். நிலையத்தின் தொலைபேசியை நான் சல்லிக் கிராமத்துக்கு, எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கதவுள்ள அறை எங்கள் வீட்டில் ஒன்றுதான். அதில் அரிசி மூட்டைகளோடு நானும் தொலைபேசியும் இருந்தோம்.

மூன்றாம் கிழமை, ஒருநாள் பதினொரு மணியளவில் ரஜனி அக்காவின் இலக்கத்திலிருந்து மிஸ்கோல் வந்தது. நான்கு நிமிடத்தில் திருப்பி எடுத்தேன். பத்து நிமிடம் இருக்க நான்கில் எடுத்ததில் எனக்குப் பெருமை. மறுபக்கம் யாரோ எடுத்தார்கள், பேசவில்லை. பயத்தில் நிற்கிறார் என்று நினைத்து, பழகிய குரலில் கேட்டேன்.

"அக்கா, பெண்கள் நிலையத்திலயிருந்து கதைக்கிறன். அவர் இண்டைக்கும் அடிச்சவரோ?"

எண்ணெயில் கடுகு வெடிப்பது கேட்டது. பிறகு ஓர் ஆணின் குரல், மிகவும் சாதாரணமாக:

"கடுகு கருகுது. பிறகு எடுங்கோ."

தொலைபேசி குசினியில், ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. அதன் காதுப்பக்கம் பழுது, எந்த நேரமும் ஸ்பீக்கரில்தான் கதைப்பது என்று ரஜனி அக்கா முன்பே சொல்லியிருந்தார். அதை நானே குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருந்தேன். எழுத்து அழகாக இருந்தது. திருப்பி எடுப்பதற்கு முன் அதை வாசிக்கத்தான் இல்லை.

பிறகு எடுத்தேன். தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது. அடுத்த நாளும் அப்படியே.

இணைப்பாளரிடம் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். அவர், "விலாசம் இருக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம்."

"அப்ப அழுறதைப் பிறகு பாப்பம். இப்ப அந்த ஒழுங்கைக்குள்ள ஆர் போகலாம் எண்டு யோசியும்."

நீங்களும் பிழை விடுவீர்கள். விட்டதும் உங்கள் மனம் உங்களைப் பற்றியே நினைக்கத் தொடங்கும். நான் எப்படி இப்படிச் செய்தேன், என்னை என்ன நினைப்பார்கள் என்று. அந்த நேரம் முழுவதும் அந்தப் பெண் அதே குசினியில் நிற்கிறார்.

பொலிசுக்கு அறிவித்தோம். எல்லாரும் வீதித்தடையில் நின்ற நாட்கள் அவை. ஆனாலும் இருவர் போய்ப் பார்த்து வந்தார்கள். பிரச்சினை ஒன்றுமில்லை, மனிதர் ஒழுங்கை முழுவதற்கும் வடை சுட்டுக் கொடுக்கிறார், அயலவர்கள் புகழ்கிறார்கள், மனைவியும் அவருக்குப் பக்கத்தில் நின்று தலையாட்டினார் என்றார்கள். உயிரோடு இருக்கிறார் என்பது தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. கணவருக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் நான்கூடத் தலைதான் ஆட்டியிருப்பேன்.

ஊரடங்கில் அந்த ஒழுங்கைக்குள் போகக்கூடியவர்கள் பாண் விற்பவரும் மீன் விற்பவரும்தான். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, தன் சின்னப் பட்டா லொறியில் மீன் விற்பவர். பிரதேச செயலகம் கொடுத்த பாஸ் அவரிடம் இருந்தது. அதில் 'சாரதியும் உதவியாளர் ஒருவரும்' என்றிருந்தது, உதவியாளரின் பெயர் இல்லை. வழக்கமாகப் போகும் உதவியாளரை வீட்டில் தனிமைப்படுத்தியிருந்தார்கள். நான் வருகிறேன் என்றேன். சித்தப்பா என்னைக் கூப்பிடுவது டிப்ளோமா என்று.

"டிப்ளோமா, மீன் நாத்தம் தாங்குவியோ?"

"நானும் இந்த வீட்டிலதானே பிறந்தனான்."

"பிறந்தனிதான். உன்ர அம்மா உன்னை ஒரு மீன் தொட விட்டவவோ?"

உண்மைதான். நான் படிக்க வேண்டும் என்பதற்காக எங்கள் வீட்டில் ஒருவரும் என்னை மீன் தொட விட்டதில்லை. ஆனால் அதை ஒப்புக்கொள்ளும் நிலையில் நான் இருக்கவில்லை.

சமையல்காரர் என் முகத்தைக் கண்டதில்லை. குரலைத்தான் கேட்டிருந்தார். அதனால் நான் முகக்கவசம் போட்டு, வாய் திறக்காமல் மீன் நிறுப்பது, சித்தப்பா கதைப்பது என்று முடிவு.

முதல் நாள் சமையல்காரரே வாசல் படலைக்கு வந்தார். மீனின் செவுள்பூவைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றை அமத்திப் பார்த்தார். மனிதருக்கு மீன் தெரியும், அதை மறுக்க ஏலாது. தெரிந்தெடுத்து முடிந்ததும் உள்ளே பார்த்து, "சட்டி கொண்டு வா" என்றார். எங்கள் பக்கத்தில் மீனை யார் தெரிந்தெடுத்தாலும் சட்டி கொண்டு வருவது வீட்டுப் பெண்தான். ரஜனி அக்கா சட்டியோடு வந்தார். முகக்கவசத்துக்கு மேலே, கண்ணுக்குக் கீழே மஞ்சளும் ஊதாவுமாக ஒரு தடம். மீனைச் சட்டியில் போட்டேன். அவர் திரும்பிப் போனார். நான்கு நொடி.

தங்கச்சி ஏன் கதைக்கிறதில்லை என்று சமையல்காரர் கேட்டார். தொண்டை கட்டியிருக்கு என்றார் சித்தப்பா. அந்த நாட்களில் சொல்லக்கூடாத ஒரே வசனம் அதுதான். ஒழுங்கை முழுவதும் பின்னால் நகர்ந்தது. அன்று பெட்டி நிறைய மீனோடு வீட்டுக்குத் திரும்பினோம். அடுத்த நாள் முதல் எனக்கு வெட்கம் என்று சொல்லப்பட்டது.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் சமையல்காரர் எண்ணெயில் ஏதோ போட்டிருந்தார், விட்டுவிட்டு வர முடியவில்லை. "நீயே போய் எடு. சூரை வேண்டாம்" என்று குசினியிலிருந்து குரல் வந்தது. ரஜனி அக்கா தனியே வந்தார்.

"அக்கா, நான்தான் போன்ல... என்னை மன்னிச்சு..."

"மீனைப் போடுங்கோ. நீங்கள் எண்டு முதல் நாளே தெரியும். பாரை மீனை ரெண்டு கையாலயும் பிள்ளை மாதிரித் தூக்கிற மீன்காரியை ஆர் கண்டது?"

சித்தப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு நாளாக நான் பாடமாக்கி வைத்திருந்ததைச் சொன்னேன். டவுணில் பாதுகாப்பு இல்லம் இருக்கிறது, இரண்டு கிழமை தனிமையில் இருக்க வேண்டும், பிறகு... அவர் கேட்டு முடிக்கவில்லை.

"வேண்டாம். வெருகலில என்ர அக்கா இருக்கிறா. வெள்ளிக்கிழமை ரெண்டு மணி வரைக்கும் ஊரடங்கை எடுக்கினமாம். அவர் விடியவே சந்தைக்குப் போவார். மரக்கறி தெரிஞ்செடுக்க என்னை நம்பமாட்டார். நீங்கள் இந்த வாகனத்திலயே வாங்கோ." உடனே குசினிக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "இதென்ன மீன் அண்ணை, கண்ணெல்லாம் சிவந்துபோய்க் கிடக்கு. நாளைக்காவது நல்லதாக் கொண்டு வாங்கோ."

சித்தப்பாவுக்கு அது நடிப்பென்று தெரியும். ஆனாலும் அவருக்கு மனம் பொறுக்கவில்லை. அன்று முழுவதும் மீனின் கண்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நான் மன்னிப்புக் கேட்கப் பழகிக்கொண்டிருந்த நாட்களில் ரஜனி அக்கா நாள் குறித்து, நேரம் குறித்து, போகுமிடம் குறித்து வைத்திருந்திருக்கிறார். எங்கள் படிவத்தில் 'அவருடைய விருப்பம்' என்ற கட்டம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் அதை முதலில் நிரப்புங்கள்.

இணைப்பாளர் வெருகல் பக்கத்துப் பொலிசோடும் ரஜனி அக்காவின் அக்காவோடும் பேசி எல்லாம் ஒழுங்கு செய்தார். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு ஒழுங்கைக்குள் போனோம். சமையல்காரர் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார்.

சந்தைக்குப் போகவில்லையோ என்று சித்தப்பா கேட்டார்.

"எதுக்கு? கியூவில நிண்டு கொரோனா வருத்தத்தை வாங்கவோ? நல்ல மீன் படலைக்கே வருகுது."

வாரம் முழுவதும் நாங்கள் நல்ல மீன் கொண்டுவந்ததன் பலன் இது. பாராட்டைக் கேட்டுச் சித்தப்பாவின் முகம் ஒருகணம் மலர்ந்தது. அதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சமையல்காரரின் முதுகுக்குப் பின்னால், வாசற்படியில் ரஜனி அக்கா சட்டியோடு நின்றார். பக்கத்தில் மகள். மகளின் காலில் சப்பாத்தும் வெள்ளைக் காலுறையும். ஊரடங்கில் வீட்டுக்குள் எந்தப் பிள்ளையும் சப்பாத்துப் போடுவதில்லை. மனிதர் ஒருமுறை திரும்பினால் போதும்.

சித்தப்பாவுக்குப் பொய் சரியாக வராது. இரண்டு பேரில் ஒருவர் கதைக்க வேண்டும். நான் வாயைத் திறந்தேன். வந்தது நிலையத்தில் பழகிய குரல் அல்ல. அம்மா கரையில் நின்று விலை கூவும் குரல்.

"நல்ல மீன் எண்டா இண்டைக்குச் சல்லிக் கரையில கிடக்கு அண்ணை. அறுக்குளா. என்ர உயரம் வரும். ஹோட்டல் ஆக்கள் நிண்டு வெட்டி எடுக்கினம்."

"எந்த ஹோட்டல்? எல்லாம் பூட்டு."

"பூட்டின ஹோட்டல் சமையல்காரர்தான். அது வெட்டத் தெரிஞ்ச ஆக்களுக்குரிய மீன் அண்ணை. உங்களுக்கு இந்தச் சின்னச் சூடை காணும்தானே."

மூன்று வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். சமையல்காரர் என்னை நன்றாகப் பார்த்தார்.

"தங்கச்சிக்குத் தொண்டை சுகமோ?"

"கொத்தமல்லி குடிச்சனான்."

அவர் எழுந்து வீட்டுப் பக்கம் திரும்பினார். ரஜனி அக்கா குனிந்து, சட்டியை மகளின் கால்களுக்கு முன்னால் வைத்து, எதையோ தேடுவதுபோலப் பக்கத்தில் குந்தினார். சமையல்காரர் அவர்களைத் தாண்டி உள்ளே போய், தன் கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, திரும்பவும் அவர்களைத் தாண்டி வந்தார். மோட்டார் சைக்கிளை எடுத்தார். பெரிய மீன் வெட்டப் போகும் ஒருவர் காலடியில் பார்க்கமாட்டார் என்பதை எந்தக் கையேட்டிலும் நான் வாசித்ததில்லை.

மோட்டார் சைக்கிள் முடக்கில் திரும்பியதும் ரஜனி அக்கா ஒரு தட்டால் சட்டியை மூடி இடுப்பில் வைத்து, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு படலைக்கு வந்தார். ஒழுங்கையில் நின்றவர்கள் கண்டது, நாள்தோறும் கண்டதைத்தான்: சட்டியோடு மீன் வாகனத்துக்கு வரும் ஒரு பெண். படலையைச் சாத்திவிட்டு, அவசரப்படாமல் முன்சீற்றில் ஏறினார். நான் பின்னால் ஐஸ் பெட்டிகளோடு ஏறினேன். சட்டிக்குள் அவருடைய அடையாள அட்டை, மகளின் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் அட்டை, ஒரு சின்னச் சட்டை. வேறொன்றும் இல்லை.

கிண்ணியா, மூதூர் கடந்து வெருகல் போகும்வரை மூன்று தடையில் மறித்தார்கள். மூன்று இடத்திலும் கதவுக்குக் கிட்ட வந்து, மூக்கைச் சுளித்து, போகச் சொன்னார்கள். வெருகலில் ரஜனி அக்கா முறைப்பாட்டில் கையெழுத்திட்டதைப் பார்த்தபின் திரும்பினேன். உறுதியான கையெழுத்து.

சனிக்கிழமை தொலைபேசி அடித்தது.

"பெண்கள் நிலையமோ? நேற்றுக் கரைக்குப் போனனான். அறுக்குளா இல்லை."

நான் குறிப்பேட்டைத் திறந்தேன்.

"என்ர மனிசியும் இல்லை."

இந்த வரிசையில்தான் சொன்னார். ரஜனி அக்காவும் பிள்ளையும் பாதுகாப்பாக இருக்கிறார்கள், பொலிசில் பதிவாகியிருக்கிறது, இனிக் கதைப்பதெல்லாம் நீதிமன்றத்தில் என்று வானொலிக் குரலில் சொன்னேன். அவர், "நீதானே அந்த மீன்காரி?" என்றார்.

"ஓம்" என்றேன்.

அந்த ஓம் தேவையில்லாதது. பெருமைக்காகச் சொன்னது. அதன் காரணமாகச் சித்தப்பா இரண்டு மாதம் அந்தப் பக்கம் வாகனம் கொண்டுபோகவில்லை. முதல் பிழைக்குத் திட்டாத இணைப்பாளர் இதற்குத் திட்டினார். திட்ட வேண்டியதுதான். நம்மோடு சேர்ந்து வருபவர்களும் அதே ஒழுங்கைகளில்தான் பிழைக்க வேண்டும்.

நீதிமன்றம் பிறகு பாதுகாப்புக் கட்டளை கொடுத்தது. ரஜனி அக்கா வெருகலில் தையல் தைக்கிறார். மகள் அங்கேயே பள்ளிக்கூடம் போகிறாள்.

சுவரிலிருந்த பத்து நிமிட விதியை நான் கழற்றிவிட்டேன். இப்போது திருப்பி எடுக்கும்போது நாங்கள் சொல்லும் முதல் வசனம் "சூடை வந்திருக்கு, வேணுமோ?" என்பது. குறிப்பேட்டை வாசித்த பிறகுதான் அதையும் சொல்ல வேண்டும். பெண் எடுத்து, கதைக்கலாம் என்றால் கதைப்பார். ஆண் எடுத்தால் வேண்டாம் என்பார். சிலர் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களுடைய விலாசத்தைச் சித்தப்பாவுக்குக் கொடுங்கள், அவர் கொண்டுபோய்க் கொடுப்பார்.

கொரோனா போய்விட்டது. ஊரடங்கும் இல்லை. மனைவியின் தொலைபேசியை எடுக்கும் கணவர்மார் மட்டும் போகவில்லை. அதனால் போன மாதம் நடமாடி மீன் விற்பதற்கு என் பெயரிலேயே அனுமதி கேட்டு விண்ணப்பித்தேன். கல்வித் தகைமை என்ற இடத்தில் டிப்ளோமா என்று எழுதினேன். எழுதுவினைஞர் இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். இணைப்பாளர் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தில் 'நன்கு சத்தமிட்டுப் பேசக்கூடியவர்' என்று ஒரு வரி இருந்தது. கடிதத்தைப் பிரதி எடுத்து அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். சுவரில் இன்னும் இடம் இருக்கிறது.

அனுமதி கிடைத்துவிட்டது. தராசு வாங்கியாயிற்று. மீனைப் பூவில் பிடித்துத் தூக்கப் பழகியும் விட்டேன். நேற்று முதன்முறை தனியே மூன்று ஒழுங்கைகளுக்குப் போனேன். இரண்டாவது ஒழுங்கையில், சட்டியோடு வந்த ஒருவர் மீனைப் போட்ட பிறகும் உள்ளே போகாமல் கொஞ்ச நேரம் நின்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. இன்று காலை அந்த ஒழுங்கைக்குத்தான் முதலில் போனேன்.